ஐந்து மணி நேரத் தூக்கம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மீன் வெட்டும் மேசையில் எனக்கு எதிரே நிற்கும் தோருன், கையுறையைக் கழற்றாமலே சொன்னது. எழுத்து எனக்கு நாற்பதைத் தாண்டித்தான் கைவந்தது. ஒரு வரி நிற்க மூன்று வரியை அடித்து நீக்குவேன். அடித்ததில் சிலதை அப்படியே விட்டிருக்கிறேன்.

முதலில் எழுதிய வரி: "தாய்மை என்பது ஒரு

வேண்டாம். எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது: "காற்று படாத சுவரோரம், தள்ளுவண்டியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது." இது இருக்கட்டும்.

2

தோருனின் மகள் இங்வில் பிறந்து ஆறு நாள். ஏப்ரல் மாதம், கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வடகோடித் தீவில் குழந்தைகள் பகலில் வெளியில்தான் தூங்கும்; குளிர்காற்று நல்லது என்பார்கள். கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரியும். மார்பில் போட்டால் இங்வில் அழுவாள், முகத்தைத் திருப்புவாள், பிறகு சோர்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். வண்டியில் போட்டால் அமைதி.

"அஞ்சு மணி நேரமா ஒரு சத்தமில்ல. நம்ம பிள்ளை தங்கம்," என்றான் தோருனின் கணவன் ஐவின்.

வேலியோரம் போன பக்கத்து வீட்டுக்காரர் நின்று பார்த்தார். "குடுத்து வச்சவங்கப்பா நீங்க. எங்க வீட்டுது ஒரு வருஷம் என் உசிர வாங்குச்சு."

தோருனுக்கும் பெருமைதான். மார்பு கல்லாய்க் கனத்தபோதும் எழுப்ப மனம் வரவில்லை.

[இங்கே அவளைக் குறை சொல்லி ஒரு பத்தி இருந்தது. கிழித்துவிட்டேன். வெளியில் நன்றாகத் தூங்கும் பிள்ளை நல்ல பிள்ளை என்று ஊரே சொல்லும்போது, அவள் மட்டும் எப்படிச் சந்தேகப்படுவாள்?]

3

மருத்துவச்சி குன்வோர் வந்தாள். வண்டிக்குள் கைவிட்டுக் குழந்தையைத் தொட்டாள். ஐவின் நீட்டிய காப்பியை வேண்டாமென்றாள். இந்த ஊரில் ஒருவர் காப்பியை மறுத்தால் விஷயம் பெரிது.

"இன்னிக்கு எத்தனை தடவை துணிய நனைச்சா?"

"காலையில ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

தராசில் போட்டாள். பிறந்தபோது மூன்று கிலோ நானூறு. இப்போது மூன்று கிலோ இருபது.

"இது தூக்கமில்லம்மா," என்றாள். "அழக்கூடத் தெம்பில்லாம கிடக்கா."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தாள். "ஒரு மணி நேரம் பார்ப்போம். குடிக்கலன்னா மூணு மணிப் படகுல கிளம்பணும். ஐவின், பையைக் கட்டி வை."

(என்னிடம் சொல்லும்போது இந்த இடத்தில் தோருன் கதையை நிறுத்திவிட்டு நாலு மீன் வெட்டினாள்.)

4

தோருனை நாற்காலியில் உட்காரவைத்து, கம்பளியையெல்லாம் உருவிப் பிள்ளையை அவள் வெறும் மார்பில் படுக்க வைத்தார்கள். குன்வோர் சொல்லச் சொல்ல, தோருன் தன் கையாலேயே பாலைப் பிதுக்கிக் கரண்டியில் பிடித்தாள். ஏழெட்டுச் சொட்டு, மஞ்சளாய். உதட்டில் வைத்ததும் இங்வில் நக்கினாள். கண் திறந்தாள்.

அவ்வளவுதான், தோருன் சட்டென்று அவள் தலையைப் பிடித்து மார்பில் அழுத்தினாள். பிள்ளை வீறிட்டுத் திமிறியது.

"ஏய், அமுக்காத! அதென்ன நீ வெட்டுற காட் மீனா?" என்றாள் குன்வோர்.

தோருன் அழுகையோடு சிரித்துவிட்டாள். "பதினோரு வருஷமா இந்தக் கை வேற எதைப் பிடிச்சிருக்கு, சொல்லுங்க?"

"அவ மூக்கு காம்புக்கு நேரா இருக்கட்டும். நீ குனியாத. வாயப் பெருசாத் திறப்பா. அப்ப கிட்டக் கொண்டுவா. அதுவரைக்கும் காத்திரு."

மீன் தலையைப் பிடி, கத்தியை இறக்கு, அடுத்தது. எங்கள் மேசையில் காத்திருக்கும் கைக்கு வேலை கிடையாது.

5

உண்மையில் நடந்தது எதுவென்று தோருனுக்குத் தெரியும்; நான் இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் இங்வில் கவ்விக் குடிக்கிறாள், ஐவின் கட்டிய பையை அவிழ்க்கிறான், கடல்கூட அமைதியாகி…

மற்றதில் மூன்று மணிப் படகு, ஆஸ்பத்திரி, புட்டிப்பால். பிள்ளை தேறுகிறாள்.

முதலாவதைப் படித்தபோது, புட்டி கொடுத்த தாய்மார்களையெல்லாம் தோற்றவர்கள் என்று எழுதிவிட்டதாகத் தோன்றியது. இரண்டாவதில் தோருன் அந்த நாற்காலியில் காத்திருந்ததே இல்லாமல் போயிற்று. பிறகுதான் புரிந்தது: முடிவைத் தேடி அவசரப்பட்ட என் கையும் அந்த மேசையில் பழகிய கைதான்.

அதனால் நான் விலகிக்கொள்கிறேன். நீங்கள் அந்த அறையிலேயே இருங்கள். மணி இரண்டேகால். தோருன் குனியவில்லை. அவளுடைய வலது கை பிள்ளையின் தலைக்குப் பின்னால், தொடாமல் நிற்கிறது. இங்வில் வாய் திறக்கிறாள். இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும்.

அமுக்கிவிடாதீர்கள்.