மாதா கூட்டுக்கு வெட்டிய மரம்

மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமையிலிருந்து, லண்டன் நோர்பரியில் ஜெராட்டின் வீட்டுக்குள் மழை பெய்கிறது. கூரையில் பிழையில்லை. பக்கத்து வீட்டில் உடுப்புகள் நன்றாகக் காய்கின்றன. பார்க்க வந்த கூரைக்காரர், ஓடெல்லாம் புதுசு போல இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, மீசையைப் பிழிந்துகொண்டு போனார்.

முப்பது வருடங்களுக்கு முன்னர், லண்டனுக்கு ஏற்றுவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் ஜெராட்டை மேற்கு ஆப்பிரிக்க மலைநாடொன்றில் இறக்கிவிட்டு மறந்துபோனான். அந்த மாரி முழுவதும் அவர் ஊரோரத்துப் பெருமரம் ஒன்றின் கீழே படுத்தார். அதற்குள் ஒரு துளியும் இறங்காது. ஹவா என்ற பெண் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தாள். லண்டன் போய்ச் சேர்ந்தால் இதே மரத்தில், திருவிழாவில் மாதா சொரூபத்தை வைத்துத் தூக்கிவருகிற கூடு செய்து தருவேன் என்று ஜெராட் நேர்ந்தார். மரத்திடம் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

லண்டன் வந்தார். ஸ்ட்ரெதமில் ஒரு கடை, சட்டனில் ஒரு கடை. நேர்த்திக்கடன் மறந்துபோயிற்று. போன வருடத் திருவிழாவில் அதே கோயிலுக்கு வரும் பெனடிக்ற் மாதாவுக்கு வெள்ளி முடி செய்து சூட்டினார். அவருடைய பெயரை ஒலிபெருக்கியில் மூன்றுதரம் சொன்னார்கள். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஜெராட்டுக்கு நேர்த்தி நினைவுக்கு வந்துவிட்டது.

மரம் தேடி அவர் மறுபடி அந்த மலைநாட்டில் விமானத்தால் இறங்கியபோது அங்கே ஒரு ஜனாதிபதி இருந்தார். சோறு தின்று கை கழுவும்போது வேறொருவர் இருந்தார். வீதித் தடைகளில் மனிதரை மறித்த சிப்பாய்கள் மர லொறிகளுக்குச் சல்யூட் அடித்து வழிவிட்டார்கள். மலை, மொட்டையடித்த தலைபோல வெளித்துக் கிடந்தது. அவர் அன்று படுத்த அந்த ஒரேயொரு மரம் மிச்சம். ஊர் எரிந்துபோனதால் ஊரே அதன் கீழே இருந்தது.

ஹவா அவரை உடனே அடையாளம் கண்டாள். வந்த காரியத்தை அவர் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னார். உன் மாதாவுக்கு மழையில் நனையப் பயமா என்று ஹவா கேட்டாள். புதிய ஆட்சியின் அதிகாரி கைகாட்ட, மரம் விழுந்தது. ஜெராட் நன்றி மறப்பவரல்லர். நோர்பரியிலிருந்து கொண்டுபோன, மழைக்குக் கூரையாகக் கட்டுகிற நீலத் தறப்பாள் ஒன்றை ஹவாவுக்குக் கொடுத்தார்.

கூடு செய்து முடிந்து, 'ஜெராட் குடும்பத்தின் அன்பளிப்பு' என்ற பித்தளைத் தகட்டோடு முன்னறைக்கு வந்த அன்றுதான் மழை தொடங்கியது. கூட்டின் நாலு கால்களும் தரையைத் துளைத்து வேர்விட்டன. தகட்டை இலை மூடியது. சொரூபம் ஏற்றித் தூக்கிப்போக வந்த ஆட்களால் கூட்டை அசைக்க முடியவில்லை.

"ஜெராட் அண்ணை, கூடு வராதாம். வீட்டோடை தூக்குவமோ?" என்றார் பெனடிக்ற். சிரித்துச் சிரித்தே தெப்பமாக நனைந்தார்.

மாதா பழைய பலகைக் கூட்டிலேயே சுற்றிவந்தாள். வெள்ளி முடிக்காரரின் பெயரை மறுபடியும் சொன்னார்கள்.

ஜெராட் ஹவாவுக்குப் போன் எடுத்தார். மரம் போன நாளிலிருந்து மலையில் மழையே இல்லை, தறப்பாள் காய்ந்து வெடிக்கிறது என்றாள் ஹவா. எங்கள் மழை உங்களிடம் சுகமாக இருக்கிறதா என்று விசாரித்தாள்.

வெட்டி எறியலாமென்று ஜெராட் கோடரி வாங்கிவந்தார். மனைவி எமில்டா பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"எங்கையப்பா போறீர்?" என்றார் ஜெராட்.

"சட்டனுக்கு, மகளிட்டை. இந்த வீட்டிலை இனி ஆர் இருக்க ஏலும்?"

"இதை வெட்டினால் மழை விட்டிடும்."

"ஓம், அங்கையும் வெட்டினனீங்கள், விட்டிட்டுது. இந்த வீட்டிலை நனையாத இடம் அதுக்குக் கீழை மட்டுந்தான். அதையும் வெட்டிப்போட்டு எங்கை படுக்கப்போறியள்?"

ஜெராட் முன்னறையைப் பார்த்தார். சோபா மிதந்தது. கூட்டுக்குக் கீழே ஓராள் படுக்குமளவு இடம் பொருக்காகக் காய்ந்து கிடந்தது. கோடரியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே தவழ்ந்து, காலை மடக்கிப் படுத்தார். வேர் முதுகில் பழைய இடத்திலேயே குத்தியது.

தபால்காரர் இப்போது அந்த வீட்டுக் கடிதங்களை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் போடுகிறார்.