மேசைக்கு ஒட்டிய சன்மைக்கா

"கிறிஸ்மஸுக்கு வாங்கம்மா."

"ஒங்க மாமியா கூப்பிட்டாகளா?"

"நான் கூப்பிடுறேன்ல."

"நீ கூப்பிட்டா நான் மகளப் பாக்க வந்தவ. அவுக கூப்பிட்டாத்தான் சம்பந்தி. போயி அவுககிட்டக் கேளு."

"கேக்குறேன்."

"ஆறு வருசமா இதத்தான் சொல்ற."

காமயகவுண்டன்பட்டி பஸ் நிறுத்தத்தில் அம்மா மதலேனாள் சொன்னது, பழனிசெட்டிபட்டிக்குத் திரும்பி ஒரு மாதமாகியும் ஞானசெல்வியை விடவில்லை. அவள் கத்தோலிக்க வீட்டுப் பெண். மாமியார் அன்னத்தாய் புராட்டஸ்டன்ட் சபையில் முன்வரிசைக்காரி. கல்யாணமான புதிதில் ஞானசெல்வி சமையலறையில் மாட்டிய மாதா படத்தை, படத்தைக் கும்பிடுவது தங்கள் சபைக்கு ஆகாது என்று அன்னத்தாய் கழற்றினாள். அன்றோடு இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்றது. எதுவானாலும் சுவரிடமோ பூனையிடமோதான் சொல்லிக்கொண்டார்கள்.

இந்தக் கிறிஸ்மஸ் விருந்துக்குச் சபைப் போதகர் ஐயர் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. பழைய சாப்பாட்டு மேசைக்கு ஒட்டுவதற்காக ஞானசெல்வியின் கணவன் பொன்னுராஜ் சன்மைக்கா ஷீட் வாங்கி வந்தான். ஒட்ட வேண்டிய ஆசாரியோ மாலை போட்டுச் சபரிமலைக்குப் போய்விட்டார். அலமாரிக்கு அவர் ஒட்டியதைப் பார்த்திருந்த ஞானசெல்வி, "நானே ஒட்டுறேன்" என்றாள் கணவனிடம். அவன் கடைக்குக் கிளம்பியதும் அன்னத்தாய் பூனையிடம் சொன்னாள்: "இனி தேனியில ஆசாரிக்கெல்லாம் வேல இல்ல."

ஷீட்டை பிளேடால் கீறி ஒடித்து, மேசையிலும் ஷீட்டிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டாள் ஞானசெல்வி. இரண்டும் தொட்டுவிட்டால் பிறகு நகர்த்த முடியாது. அதனால் மேசைமேல் மூங்கில் குச்சிகளைப் பரப்பி, அவற்றின் மேல் ஷீட்டை வைத்து, நேர் பார்த்த பிறகு குச்சிகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

"அந்த முனையப் பிடிச்சாத் தேவல" என்றாள் சுவரைப் பார்த்து.

அன்னத்தாய் வந்து பிடித்தாள். "ஐயர் வாராகளேன்னு பிடிக்கேன்" என்றாள் பூனையிடம். "வேற எவளுக்காகவும் இல்ல."

ஷீட் ஒரு விரற்கடை கோணலாக இருந்தது.

"இன்னும் நேராகல. இப்பக் குச்சிய உருவக் கூடாது" என்று ஞானசெல்வி சுவரிடம் சொன்னாள்.

சுவருக்குச் சொன்னதைக் கேட்டு நடந்தால் அன்னத்தாயின் கௌரவம் என்னாவது? தன் பக்கக் குச்சிகளை உருவினாள். ஷீட் சப்பென்று பிடித்துக்கொண்டது.

ஞானசெல்வி நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. ஒரு ஓரம் நெடுக பழைய மரம் பல்லிளித்தது. மறு ஓரத்தில் ஷீட் துருத்தி நின்றது.

"உருவாதீகன்னு சொன்னேன்ல."

"யாருட்ட சொன்ன? செவுத்துக்கிட்டதான சொன்ன. செவுரு உருவலையே."

மாமியார் விடவில்லை.

"ஐயர் கேட்டா, இது மருமக கைவேலன்னு சொல்லிர்றேன். மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏத்த மட்டுந்தான் அவ ஆத்தா சொல்லிக் குடுத்திருக்கான்னு."

"எங்கம்மாவச் சொல்லணும்னா அவுக மொகத்துக்கு நேரா சொல்லுங்க."

"அவதான் இந்த வாசல மிதிக்கலையே. ராங்கிக்காரி."

"கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவாக?"

"கூப்பிடச் சொல்லி எவ வந்து கேட்டா எங்கிட்ட?"

ஞானசெல்வி பசை அப்பிய கைகளை மேசையிலிருந்து எடுத்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான் கேக்குறேன், அத்தை. நாளைக்கு நீங்களே பஸ் ஏறிப் போயி, எங்கம்மாவ கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டுல சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடணும்."