ஒரே சொல்லில் திரும்பிய ஊர்

“சர்ச்சுல ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். நாலாயிரம் பேர் மனந்திரும்பிட்டாங்க. வாசல்ல படுத்திருந்த நாய் உட்பட” என்றார் கவனத்திற்கு.

அது அவருடைய பெயரல்ல. ரயில் நிலைய ஒலிபெருக்கியில் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆயுசெல்லாம் சொல்லிச் சொல்லி, பெற்றோர் வைத்த பெயர் தேய்ந்து இது ஒட்டிக்கொண்டது.

“அந்தச் சர்ச்சுல நாப்பது பேர் உக்காந்தாலே சுவர் வெளிய தள்ளிக்குமேண்ணே” என்றார் முடிவெட்டுகிறவர்.

பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்த தையற்காரர் கண்ணைத் திறக்கவில்லை. “மாமா சொன்னா ரெண்டு சைபரை அடிச்சிடணும்.”

அவர் கவனத்திற்குவின் மச்சினன்; மனைவியின் தம்பி. அக்காவுக்காக முழங்கால் தேய ஜெபித்தும் அவள் பிழைக்கவில்லை என்பதால் கடவுளோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர். அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சுக்கும் வருவதில்லை, மாமா வீட்டுக்கும் வருவதில்லை. இருவரும் சந்திப்பது முடி வளர்ந்தால் மட்டும்தான்.

வீட்டில் கவனத்திற்குவுக்குப் பேச ஆளில்லை. அடுப்பின் முன் நின்று, “பால் இன்னும் சற்று நேரத்தில் பொங்கும்” என்று அறிவிப்பார். பால் பொங்கும். அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவள் இல்லை. அவளை நினைவில் வைத்திருக்கும் இன்னொரு ஜீவன் இந்த மச்சினன் ஒருவன்தான். அவன் அக்காவைப் பற்றி வாயே திறப்பதில்லை.

போன ஞாயிறு அவளுக்கு முதல் வருஷ நினைவு ஜெபம். வேதம் வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட, போதகர் இவரை அழைத்தார். பழைய தீர்க்கதரிசி ஒருவர் தன் தேசத்துக்கு விடுத்த எச்சரிக்கை. ஏழையை மிதித்த நாடு, வயலை மொட்டையடிக்க வரும் வெட்டுக்கிளி, அரசன் முதல் ஆடுமாடு வரை எல்லோரும் அழ வேண்டிய நாள். கவனத்திற்கு ஒலிவாங்கியைப் பார்த்தார். வாய் தானாக ஆரம்பித்தது: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு.”

சபை குலுங்கிச் சிரித்தது. அவர் சுதாரித்துக்கொண்டு வாசித்தார். ஆண்டவர் தீர்ப்பைத் தாமதிப்பார், மனம் இரங்குவார் என்ற இடம் வந்ததும், “ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்று நாக்கு பழைய தண்டவாளத்தில் ஓடிவிட்டது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கடவுளே வருந்துவதாகக் காதில் விழுந்தது போல் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் வாசலில் மச்சினனைப் பார்த்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில். வந்தது தெரியக்கூடாதென்று நழுவப் பார்த்தான். அடுத்த சொல் தாளில் இருந்தது. அதை அவர் தேசத்துக்கு வாசிக்கவில்லை. புறப்படும் ரயிலில் தொங்குகிறவனைக் கூப்பிடும் குரலில் அவனுக்குச் சொன்னார்.

“திரும்புங்கள்.”

சபை முழுக்கத் திரும்பி வாசலைப் பார்த்தது.

“கழுத்துதானேண்ணே திரும்புச்சு?” என்றார் முடிவெட்டுகிறவர். “மனசு திரும்புச்சுன்னு எதை வச்சு சொல்றீங்க?”

“கழுத்து திரும்பாம மனசு மட்டும் எப்படிய்யா திரும்பும்? மச்சான், நீ சொல்லு. நீ அங்கதானே நின்ன.”

கேட்டுவிட்டார். இல்லை என்று இவன் சொல்லிவிட்டால் இதுவும் கவனத்திற்குவின் கதைகளில் ஒன்று. அடக்கத்துக்குப் பிறகு இருவரும் அவளுக்காக ஒரே இடத்தில் நின்ற அந்த ஒரு பொழுதும் நடக்காததாகிவிடும்.

கத்தி கன்னத்தை விட்டு விலகும்வரை தையற்காரர் காத்திருந்தார்.

“நாப்பது பேர்தான்” என்றார். “ஆனா திரும்பினாங்க. எல்லாரும்.”

துண்டை எடுத்து வாயோரத்து நுரையைத் துடைத்தார்.

“அவங்க என்னைத்தான் பாக்கறாங்கன்னு எனக்குத் தோணல மாமா. எனக்குப் பின்னாடி யாரோ வந்து நிக்கறாங்கன்னு நெனச்சேன். நானும் திரும்பிப் பாத்தேன்.”

“யாரு நின்னா?”

“தெருதான். வெயில் அடிச்சிட்டிருந்துச்சு. அக்கா வந்துடுமோன்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.”