மேளத்தோடு வந்த நாற்காலி

போகி கழிந்து பொங்கலும் விடிந்துவிட்டது. அண்ணன் வீட்டுச் சீர் வந்து சேரவில்லை.

வாழ்க்கைப்பட்டு அவனியாபுரத்துக்கு வந்த நாளிலிருந்து பாண்டியம்மாள் இப்படி ஒரு பொங்கலைக் கண்டதில்லை. கிணறு வற்றி வெள்ளாமை கருகிப்போன வருசங்களில்கூட அண்ணன் முத்திருளன் வாடிப்பட்டிப் பக்கமிருந்து போகிக்கு முன்பே பஸ் பிடித்து வந்துவிடுவார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, கரும்பு, ஒரு சேலை. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, ஒரு தம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, "வாரேன் ஆத்தா" என்று கிளம்பிவிடுவார். அதற்கு மேல் பேசமாட்டார். அவளும் பேசமாட்டாள். அண்ணன் தங்கச்சிக்குள் பேச வேண்டியதையெல்லாம் அந்த அரிசியும் வெல்லமும் பேசி முடித்துவிட்டதாக இருவருக்கும் ஒரு நினைப்பு.

இந்த வருசம் அவள் வாய்திறந்து ஒன்று கேட்டிருந்தாள். கேட்டதுதான் அண்ணனை வரவிடாமல் செய்துவிட்டதோ என்று நேற்றிலிருந்து அவளுக்கு மனசு குடைந்துகொண்டிருந்தது.

தெருமுனையில் ஜல்லிக்கட்டு ஒலிபெருக்கி கத்த ஆரம்பித்திருந்தது. மாடு பிடிக்கிறவர்களுக்குக் கட்டில், பீரோ, சைக்கிள், அண்டா என்று பரிசுகளை அடுக்கிக்கொண்டே போனான் ஒருவன். பாண்டியம்மாள் ஜன்னலோரக் கட்டிலில், வாக்கரின் இரண்டு கைப்பிடிகளையும் பற்றியபடி, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, திருப்பூர் பஸ்ஸு நாளைக்குச் சாயந்தரம். ரெண்டு சீட்டு போட்டிருக்கேன்" என்றான் மகன் அழகுபாண்டி, உள்ளே துணிகளை மடித்துக்கொண்டே. "தையல் மிசினை யார் வீட்டுல போட்டுட்டுப் போறதுன்னு சொல்லு."

"பொங்கல் இன்னும் முடியலடா."

"மாமா வருவாருன்னு பாக்குறியா? அவரு வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருப்பாரு. கேக்குற பொருளையா கேட்ட நீ!"

கேட்கிற பொருளா என்று அவளே தன்னிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு மழைநாள் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. முறிந்த மூட்டுக்குப் பதிலாக உள்ளே உலோக மூட்டு வைத்து அறுவை செய்தார்கள். காதுத் தோடும் கையிருப்பும் அதோடு போயின. டாக்டர் நல்ல மனிதர். "நடக்கலாம், மிசின் தைக்கலாம், எல்லாம் செய்யலாம். குத்தவச்சு மட்டும் உக்காரவே கூடாது, காலம் பூராவும்" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில்தான் அந்த ஒரு வார்த்தையின் கனம் அவளுக்குத் தெரிந்தது. கொல்லையில் இருந்தது தரையோடு பதித்த கக்கூஸ். அதில் குத்தவைத்துத்தான் உட்கார முடியும்.

அழகுபாண்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். கார்த்திகையில் ஒருநாள் அதன் பின்கால் இரண்டும் விரிந்து, அவள் சுவரில் சாய்ந்தாள். பக்கத்து வீட்டு ஹம்சவேணி கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தாள். அதன்பிறகு ஹம்சவேணி இல்லாமல் உள்ளே போக முடியாது என்று ஆகிவிட்டது. தினமும் விடிந்ததும் அந்த அம்மாள் வருவாள். கதவு பாதி திறந்திருக்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டியபடி நிற்பாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று பாண்டியம்மாளுக்குத் தோன்றும். அந்த நல்ல குணத்துக்கு முன்னால் தினம் ஒருமுறை சின்னவளாகிப் போவதைத்தான் தாங்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும்.

"எங்க வீட்டுல வெஸ்டர்ன் இருக்கும்மா. இங்க எதுக்குக் காசக் கொட்டணும்?" என்றான் மகன். அவன் கெட்டவன் இல்லை. சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் திருப்பூரில் அவனும் மருமகள் சத்யப்ரியாவும் கம்பெனிக்குப் போனபிறகு அவள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். இங்கே தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் அவள் தைத்ததுதான். "அக்கா, கழுத்தைக் கொஞ்சம் இறக்கி வைங்க, எங்க மாமியாளுக்குத் தெரியாம" என்று யாராவது வந்து நின்றபடி இருப்பார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்வரைதான் தான் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். கடைசியில் அழகுபாண்டி ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். பொங்கலுக்குள் அவள் தனியாகக் கக்கூஸ் போய்வர ஒரு வழி பிறந்தால் சரி. இல்லாவிட்டால் கிளம்பிவிட வேண்டும்.

வழி எது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே சர்ஜிகல் கடையில் அதைப் பார்த்திருந்தாள். பளபளவென்று இரும்புக் குழாய் நாற்காலி. நடுவில் ஓட்டை, இரண்டு பக்கமும் கை, காலுக்கு அடியில் தரையைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர். அப்படியே கக்கூஸ் மேல் வைத்துக்கொள்ளலாம். கமோடு சேர் என்று கடைக்காரர் சொன்னார். விலையைக் கேட்டுவிட்டு, அந்த ரப்பரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். இரண்டு மாசம் ராப்பகலாகத் தைத்தாலும் அந்தப் பணம் கையில் சேராது.

மதினி இருளாயி பார்க்க வந்தபோது மனசு துணிந்தது.

"மதினி, ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

"சிரிக்காம இருக்க நா என்ன கல்லா? கேளு."

"இந்த வருசம் சீருக்குச் சேலை வேணாம். அரிசி வெல்லம்கூட வேணாம்."

"அப்ப தங்கச் சங்கிலி கேக்குறியாக்கும்! ஒங்கண்ணன்கிட்ட இருக்கது காளமாடு ஒண்ணும் நா ஒருத்தியுந்தான். ரெண்டுல எது வேணும்?"

"ரெண்டும் முட்டும். நீங்களே வச்சுக்கங்க."

பிறகு குரலைத் தாழ்த்தி அவள் விஷயத்தைச் சொன்னதும், இருளாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "எங்கிட்டச் சொல்லிட்ட. ஒங்கண்ணன்கிட்ட இத நா எப்பிடித்தா சொல்றது? தங்கச்சி பட்டுச்சேலை கேட்டான்னா ஆட்ட வித்தாவது எடுத்துருவாரு. இது..."

"நேருல சொல்ல முடிஞ்சா நா ஏன் ஒங்ககிட்டச் சொல்றேன்?"

இருளாயி எழுந்து போய் மிசின் மேலிருந்த இஞ்சு டேப்பை எடுத்தாள். கக்கூஸ் அகலம், கதவு அகலம் எல்லாம் அளந்தாள். "ஊருக்கே அளவெடுக்குறவ நீ. ஒனக்கு அளவெடுக்க என்னயக் கொண்டாந்து விட்டுட்டியே" என்றபடி போனாள்.

மகனிடம் கேட்காமல் அண்ணனிடம் ஏன் கேட்டோம் என்று பாண்டியம்மாள் பிறகு யோசித்துப் பார்த்தாள். மகன் வாங்கித் தந்தால் அது உதவி. உட்காரும்போதெல்லாம் அந்த உதவியை நினைத்துக்கொள்ள வேண்டும். சீருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அது பிறந்த வீட்டில் அவளுக்கு இன்னும் ஒரு மூலை இருக்கிறது என்பதற்கு அடையாளம். வந்த சீரை எந்த மகனும் திருப்பி அனுப்பவும் முடியாது.

அந்தச் சீர்தான் வரவில்லை.

ஒன்பது மணி சுமாருக்கு மேளச் சத்தம் கேட்டது. எங்கோ தூரத்தில் தொடங்கி, ஒலிபெருக்கியையும் அமுக்கிக்கொண்டு, நெருங்கி வந்தது. சந்தேகமே இல்லை, வாடிப்பட்டி மேளம். அதன் அடி அவளுக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து கேட்டது. "மாமா ஊருக் காளை வருது போல" என்று அழகுபாண்டி வாசலுக்கு ஓடினான். அங்கிருந்தே கத்தினான், "ஆமாம்மா, டெம்போவுல கருப்பு நிக்கிறான்! இறக்குறாங்க!"

கருப்பு என்பது முத்திருளனின் காளை. இளவட்டங்கள் அதை இறக்கி வாடிவாசல் வரிசைக்குக் கொண்டு போனார்கள். மேளம் காளைக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. திரும்பி இவர்கள் தெருவுக்குள் நுழைந்தது. அதற்குப் பின்னால் ஒரு கூட்டம்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

முன்னால் முத்திருளன் வந்துகொண்டிருந்தார். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, அதன்மேல் அந்த நாற்காலி. நாலு காலிலும் செவ்வந்திச் சரம். கைப்பிடியில் சந்தனம், குங்குமம். ஒரு துணிகூடப் போர்த்தவில்லை. வெயிலில் ஜொலித்துக்கொண்டு, நடு ஓட்டையோடு, தெரு அறிய வந்தது. பக்கத்தில் அரிசி வெல்லத் தாம்பாளமும் கரும்புமாக இருளாயி.

சுவர் மேல் உட்கார்ந்திருந்த இளவட்டங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மாப்ள, இந்த வருசம் பரிசு சேராடா?"

"மாடு பிடிச்சவனுக்கா, மாட்டுக்காரனுக்கா?"

"நடுவுல ஓட்டை இருக்குடா!"

"அப்ப குத்து வாங்குனவனுக்குத்தான். அவனுக்குத்தான் சாதா சேருல உக்கார முடியாது!"

தெருவே சிரித்தது. இருளாயி நின்று அண்ணாந்து பார்த்தாள். "ஏண்டா, வேணும்னா நீயும் போய்க் குத்து வாங்கிட்டு வா. அடுத்த பொங்கலுக்கு ஒன் மாமன் இதே மாதிரி தூக்கிட்டு வருவான்! இது எங்க வீட்டுப் பிள்ளைக்குச் சீருடா!"

பாண்டியம்மாளுக்குக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. இத்தனை நாள் பாதிக் கதவுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் நடுத்தெருவில் மேளத்தோடு வருகிறது. முகம் எரிந்தது. அப்போதுதான் அண்ணனின் கழுத்தைக் கவனித்தாள். நரம்பு புடைத்திருந்தது. யாரையும் பார்க்காமல், ஆனால் தலையைக் குனியாமல், சாமி தூக்கி வருகிறவர் போல வந்துகொண்டிருந்தார். அவளுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. தொண்டைக்கு வந்தது அழுகை என்று நினைத்தாள். வெளியே வந்தது சிரிப்பு. உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

முத்திருளன் நாற்காலியை வீட்டுக்குள் இறக்கி வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மூணு நாளா ஒன் மதினியோட மல்லுக்கட்டு ஆத்தா. சாக்குல சுத்தி ஒரு ஆட்டோவுல போட்டு விட்டுருவோம்னு நா சொன்னேன். மாட்டேன்னுட்டா."

"நா என்ன சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள் இருளாயி.

"சுத்திக் கொண்டு போனா அது சீரில்ல, திருட்டுப் பொருளுன்னா." இப்போது அவர் தங்கச்சியின் முகத்தை நேராகப் பார்த்தார். "நெனச்சுப் பாத்தேன். சரின்னுதான் பட்டுச்சு. தூக்குறதுன்னா நாந்தான் தூக்கணும்னும் பட்டுச்சு."

"எம்புட்டு ஆச்சு மாமா?" என்றான் அழகுபாண்டி.

"அத ஏன் கேக்குற மாப்ள. போன வருசம் கருப்பு ஜெயிச்ச பீரோவ வித்தாச்சு."

பாண்டியம்மாள் மதினியைப் பார்த்தாள். அந்த வீட்டில் இருளாயிக்கென்று வந்த ஒரே பொருள் அந்தப் பீரோ. பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவாள்.

"என்னத்தா பாக்குற? என் சேலையெல்லாம் இப்பக் கொடியில காத்தாடுது, நல்லாத்தான் இருக்கு" என்றாள் இருளாயி. "பேச்ச விடு. எந்திரி. உக்காந்து காட்டு ஒன் மகனுக்கு."

அழகுபாண்டிதான் அதைக் கொல்லைக்குத் தூக்கிப் போனான். கக்கூஸுக்கு நேராக நிறுத்தி, கால்களில் இருந்த பொத்தானை அமுக்கி உயரத்தைச் சரிசெய்தான். நாலு பக்கமும் பிடித்து உலுக்கினான். அசையவில்லை. சந்தேகம் தீராமல் தானே உட்கார்ந்து, குதித்தும் பார்த்தான். "ம்" என்று எழுந்தான். அந்த ஒரு "ம்"மில் அவன் பாதி தோற்றுவிட்டதை அவள் கண்டுகொண்டாள்.

வாக்கரை ஊன்றி அவள் கதவருகே போனாள். ஹம்சவேணி பழக்கத்தில் கையை நீட்டினாள். "வேணாம் ஹம்சா" என்றாள் பாண்டியம்மாள். சொல்ல எவ்வளவு இனிமையாக இருந்தது அது! வாக்கர் கதவில் இடிக்காமல் நுழைந்தது. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். 'டக்' என்று விழுந்தது.

நாற்காலியின் கைகளைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். இரும்பு அவளைத் தாங்கிக்கொண்டது. விரியவில்லை, வழுக்கவில்லை. மேலே சின்னத் திறப்பு வழியாக ஒரு துண்டு வெயில் முழங்காலில் விழுந்தது. சுவரைப் பார்க்கிற முகம் இல்லை. நீட்டிய கை இல்லை. இந்த நாலடி இடத்தில் அவள் ஒருத்தி மட்டும். உடம்பு மறுபடியும் தன்னுடையதாகிவிட்டது என்று நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க மேடை ஏறியவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆனால் வெளியே ஒரு சத்தமும் இல்லை. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கொல்லை முழுக்கச் சனம். அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அமைதியில் எவளுக்கு என்ன நடக்கும்?

"ஆச்சாம்மா?" என்றான் மகன்.

"சும்மா இர்றா! பரீட்சையா எழுதுறா?" என்றாள் இருளாயி.

பாண்டியம்மாளுக்கு மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த விஷயமாக அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல்தானே மூன்று மாசம் தவித்தாள்? வாயைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அண்ணே! மேளத்த அடிக்கச் சொல்லுண்ணே!"

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு முத்திருளனின் குரல் கேட்டது. சிரிப்பில் உடைந்து வந்தது அது. "அடிங்கப்பா! நல்லா ஓங்கி அடிங்க!"

மேளம் இடியாக இறங்கியது. தகரக் கதவு அதிர்ந்தது. யாரோ குலவை போட்டார்கள். இருளாயியாகத்தான் இருக்கும். அந்தச் சத்தத்துக்குள், உலகத்தில் யாருக்கும் தெரியாமல், பாண்டியம்மாள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவசரப்படவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியபோது எழுந்தாள், தன் இரண்டு கைகளையும் ஊன்றி.

அவள் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோதும் மேளம் நிற்கவில்லை. அழகுபாண்டி அவள் காலையும் இடுப்பையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். ஏதோ சொன்னான். சத்தத்தில் கேட்கவில்லை. அவனை இழுத்துக் குனியவைத்து, காதருகே அவள் சொன்னாள்:

"நாளைக்கு பஸ்ஸுல ஒரு சீட்டு சும்மா கெடக்கும்டா. கரும்ப வச்சுக் கொண்டு போ, சத்யாவுக்கு."