பேச்சில் கொதித்த தொட்டி

வடகிழக்குச் சீனாவின் ஃபூஷுன் நகரத்தில் சூ குய்ரோங் நடத்தும் பொதுக் குளியல்கூடத்தின் வெந்நீர்த் தொட்டிக்குக் கரியும் வேண்டாம், கேஸும் வேண்டாம். ஆண்கள் உள்ளே உட்கார்ந்து வெளிநாட்டு விவகாரம் பேசினால் போதும், தண்ணீர் சுடும். சின்னக் கொதிகலன்களில் இனிமேல் கரி எரிக்கக் கூடாது என்று உத்தரவு வந்த குளிர்காலத்தில் இது ஆரம்பித்தது. புருஷன் போன பிறகு குய்ரோங்குக்கு இருந்த ஒரே பிழைப்பு இந்தக் கூடம்தான். அதை மூடிவிடுவது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிவெடுத்திருந்தாள். கடைசிக் குளியல் என்று ஆறிக்கொண்டிருந்த தண்ணீரில் உட்கார்ந்திருந்தவர்கள், ஏதோ ஒரு நாட்டின் போர்க்கப்பல் நம் கடலோரமாகப் போனதைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். சுரங்கத்தில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்ற தோங் பாவ்ஷான் எழுந்து நின்று, ஈரத் தொடையில் தட்டிக் கத்தினார். அவர் முழங்காலைச் சுற்றி ஆவி கிளம்பியது. அவ்வளவுதான், கூடம் பிழைத்துக்கொண்டது.

போகப் போக எல்லாருக்கும் பக்குவம் பிடிபட்டுவிட்டது. அமெரிக்கா சட்டென்று கொதிக்கும், சட்டென்று ஆறும். ரஷ்யா வெதுவெதுப்பு, குழந்தைகளைக் குளிப்பாட்டத் தோது. இந்தியா என்றால் மலை எல்லையைச் சொல்லிக் கொஞ்ச நேரம் சூடேறும், பிறகு யாராவது பழைய சினிமாப் பாட்டை முணுமுணுத்துக் கெடுத்துவிடுவார்கள். ஜப்பான்தான் சாயங்காலம் வரை நிற்கிற சூடு, அதற்குப் பாவ்ஷானை விட்டால் ஆள் கிடையாது. பெண்கள் பக்கத்துத் தொட்டிக்கும் அதே தண்ணீர்தான் குழாயில் போகும். கொஞ்சம் ஆறினால் அங்கிருந்து செம்பால் சுவரைத் தட்டுவார்கள். “என்னய்யா, தூங்கிட்டீங்களா? தலைக்கு ஊத்தணும், ஜப்பானப் பத்தி ரெண்டு வார்த்த பேசுங்க!”

இப்படியே சில குளிர்காலங்கள் சுகமாகப் போயின. பிறகு பக்கத்துப் பெருநகரமான ஷென்யாங்கிலிருந்து ஷுவே என்ற பெண் கருத்துக்கணிப்பு எடுக்க வந்தாள். குளித்து முடித்துப் பைஜாமாவோடு பனியில் உறையவைத்த பேரிக்காய் சப்பிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் கூப்பிட்டு, நாட்டுக்கு எந்தப் பக்கம் ஆபத்து, சண்டை போடுவதா பேசித் தீர்ப்பதா என்று மரியாதையாகக் கேட்டாள். பலகையோ மெல்லிசு. தொட்டியில் தினமும் மூன்று தேசங்களை அழிக்கிற நிங் தேஃபூ உள்ளே போய், “சண்டையெல்லாம் வேணாம்மா, என் பேரனுக்கு இப்பத்தான் பதினெட்டு” என்று குழைந்தது வெளியில் தெளிவாகக் கேட்டது. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். கடைசியில் பாவ்ஷான் போனார். வெளிநாட்டில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டாள். பேரிக்காய்க் கொட்டையைத் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு, “என் பொண்ணு இருக்கா. நகோயாவுல. ஜப்பான் பையனத்தான் கட்டியிருக்கா” என்றார். பெண் தெற்குச் சீனாவில், ஷென்ஜெனில் வேலை பார்க்கிறாள் என்றுதான் அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மறுநாள் தொட்டி சில்லிட்டுப் போனது. தடுப்புக்குப் பின்னால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டுவிட்ட பிறகு எப்படிக் கத்துவது? குய்ரோங் கெஞ்சியதற்காகத் ஜப்பானோடு தகராறில் இருக்கிற தீவுகளின் பெயரை எல்லாம் உரக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நடிப்புக்குத் தண்ணீர் மசியவில்லை. பெண்கள் வருவதை நிறுத்தினார்கள். புத்தாண்டு வசந்தத் திருவிழாவோடு கூடத்தை மூடிவிடுவதாகக் குய்ரோங் வாசலில் சொல்லிவிட்டாள். பாவ்ஷான் வீட்டை விட்டே வரவில்லை.

மூடுவதற்கு முந்தின நாள் வந்தார். பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் இறங்கி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பொண்ணு நெறமாசமா இருக்கா. வாப்பான்னு கூப்புடுறா. போகவான்னு தெரியல.”

தேஃபூ துள்ளி எழுந்தார். “யோவ் அண்ணே! இத்தன வருஷமா அந்த ஊரு மேல குண்டு போடு, குண்டு போடுன்னியே. நல்ல வேள, எவனும் உன் பேச்சக் கேக்கல!”

“அது வேற, இது வேறடா!”

“என்ன வேற? நகோயாவ மட்டும் விட்டுட்டுப் போடச் சொன்னியா?”

பிள்ளை பெற்றவளுக்குத் தினைக் கஞ்சி வேண்டும், தினையை மூட்டையாகக் கொண்டு போ என்றார் ஒருவர். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்றார் இன்னொருவர். முட்டையை வேகவைத்துக் கொண்டு போனால்? அதையும் விடமாட்டான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால், பிள்ளை பெற்றவள் சம்பந்தி வீட்டுப் பச்சை மீனையா தின்பாள்? குழந்தைக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று யாரோ கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். கண்ணாடி ஜன்னலில் இருந்த பனி உருகி ஓடியது. குய்ரோங் தெருவுக்கு ஓடிப்போய்ப் பெண்களைக் கூப்பிட்டாள்.

பாவ்ஷான் நகோயாவுக்குப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தார். ஜப்பான் மேல் அவருக்கு இருந்த கோபம் கோபமாகவே இருக்கிறது. சம்பந்தியைத் தவிர்த்துவிட்டுத் திட்டுகிறார், அவ்வளவுதான். பாஸ்போர்ட் விவகாரம் இன்றுவரை தீரவில்லை.

போன குளிர்காலத்தில் நகராட்சி அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். கொதிகலனைத் திறந்து பார்த்தார், உள்ளே முட்டைக்கோசு ஊறுகாய் ஜாடி இருந்தது. அப்புறம் எப்படித் தண்ணீர் சுடுகிறது என்று கேட்டார். குய்ரோங் தொட்டியில் இருந்தவர்களைக் கையால் காட்டினாள். அவர் நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்த்தார்.

“புகை வராதில்ல?”

“வராதுங்க.”

“அப்ப சரி” என்று சொல்லிச் சட்டையைக் கழற்றினார். தண்ணீரில் இறங்கி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சீன பாஸ்போர்ட்தான் என்றார். தொட்டியே எழுந்து நின்று கத்தியது. சுவருக்கு அந்தப் பக்கம், இந்தத் தடவை சூடு தாங்காமல், நாலைந்து செம்புகள் ஒரே நேரத்தில் தட்டின. குய்ரோங் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட ஓடினாள்.