லாரியில் அடித்த அலாரம்

சாமான் தூக்கும் வேலையில் ஒரு நியாயம் உண்டு. பீரோவை மாடிக்கு ஏற்றும்போது குள்ளமானவர் மேல்படியில் பின்பக்கமாக நடந்து ஏறுவார். உயரமானவன் கீழ்ப்படியில் நின்று பாரம் முழுவதையும் நெஞ்சில் வாங்கிக்கொள்வான். கடவுள் ஒருவனை உயரமாகப் படைப்பது அடுத்தவர் பீரோவுக்கு அடியில் நிற்பதற்குத்தான் என்று நெட்டையனுக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். மேல்படியில் நிற்பவர் அவனுடைய அக்கா புருஷன். லாரியும் அவருடையதுதான். அவன் மாமா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீடு மாறுகிறவர்களும் அவரை மாமா என்றே கூப்பிட்டார்கள்.

மாமாவிடம் இரண்டு சட்டங்கள். ஒன்று, படிக்கட்டில் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை பாதிப் படியில் நெட்டையன் ஏதோ சொல்லப்போய், மாமா சிரித்துத் தொலைக்க, ஃபிரிட்ஜ் யார் துணையும் இல்லாமல் இறங்கி வாசல்வரைக்கும் போய் நின்றது. இன்னொன்று, வீட்டுக்குள் பார்த்ததை வெளியே பேசக் கூடாது.

“சாமானைத் தூக்கு. சங்கதியைத் தூக்காதே. எவனாவது ஒருத்தன் வந்து புகார் சொன்னான்னு வை, பொண்டாட்டி தம்பின்னுகூட பாக்க மாட்டேன், இறக்கி விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்.”

முதல் சட்டத்தை நெட்டையன் மதித்தான். இரண்டாவதுதான் தொண்டையில் மாட்டிய முள். ஏனென்றால் லீவு கிடைக்கிற சாயங்காலங்களில் அவன் ஸ்டாண்டப் காமெடி செய்யப் போவான். ஆளுக்கு ஐந்து நிமிஷம், ஒரு மைக், ஒரு விளக்கு. பெரிய ஊர்களில் காபிக் கடைகளின் மாடியில் நடக்கும். லாரி எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊர் மேடையில் முன்கூட்டியே பேர் கொடுத்து வைப்பான். இதுவரை நாலு ஊர். நாலிலும் ஜனங்கள் டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

காலி வீடுகள் மட்டும் அவனைக் கைவிட்டதில்லை. சாமான் எல்லாம் ஏறிய பிறகு, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று பார்க்கிற சாக்கில் அறை அறையாக நிற்பான். பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாக இருக்கும். அந்தப் புதுச் சுவரைப் பார்த்து ஒரு வரி சொல்வான். அறை அதை வாங்கி, கொஞ்சம் உருட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுக்கும். அது சிரிப்பு போலவே கேட்கும்.

அன்றைக்கு ஏற்றியது ஒரு அம்மாவின் வீடு. அறுபது வயசு இருக்கும், தனி ஆள். ஆறு மணி நேரம் தள்ளி இருந்த ஊரில் சின்னதாக ஒரு வீடு பார்த்திருந்தார். அந்த ஊர் மேடையில் நெட்டையனுக்கு சாயங்காலம் ஆறரைக்கு இடம். பட்டியல் எழுதும் பெண் போனில் நயமாகத்தான் சொல்லியிருந்தாள். இந்தத் தடவை சிரிக்க வைத்தால் அடுத்த மாசம் பதினைந்து நிமிஷம், சுவரில் போட்டோ. இல்லையென்றால், “நிறைய பேர் காத்திருக்காங்க அண்ணா.”

அம்மா முன்னால் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நெட்டையன் பின்னால், சாமான்களுக்கு நடுவே அவருடைய சோபாவில் சாய்ந்துகொண்டான். தார்ப்பாய் இடுக்கு வழியாகச் சாலை பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது, யாரோ சேலையை மடிக்காமல் உருவிக்கொண்டே போவது மாதிரி. வெயில் உள்ளே வந்து நாற்காலி நாற்காலியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

ஒன்பதரைக்கு ஒரு பெட்டி கத்தியது.

கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட பெட்டி. அவன்தான் கட்டினான். உள்ளே அலாரம் கடிகாரங்கள், பேட்டரியைக் கழற்ற மறந்திருந்தான்; கட்டும்போது முள்ளெல்லாம் திரும்பி நேரமும் மாறியிருந்தது. ஒன்று ஓய்ந்ததும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கையை விட்டால் எட்டவில்லை. ஏழுவரை எண்ணினான். அப்புறம் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு இடத்துக்குப் போய்விட்டான். அங்கே பீரோக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவன் வாயைத் திறந்ததும் கதவுகளைத் திறந்து திறந்து சிரித்தன. உள்ளே மாட்டியிருந்த சட்டைகளெல்லாம் தோள் குலுங்கின.

கண் விழித்தபோது வாயில் முழுசாக ஒரு நகைச்சுவை இருந்தது. இதுவரை அவனுக்கு அப்படி ஒன்று வந்ததேயில்லை. ஆனால் அது அடுத்தவர் வீட்டுச் சங்கதி. போகட்டும், ஆறு மணி நேரம் தள்ளி யாருக்குத் தெரியப்போகிறது?

புது வீட்டு வாசலில் அம்மா லாரிக்குப் பின்னால் வந்து நின்றார். “அவரை முதல்ல இறக்குப்பா, ரொம்ப நேரம் உள்ளயே இருக்கார்.”

நெட்டையன் திடுக்கிட்டுச் சோபாவுக்குப் பின்னால் ஆள் தேடினான். போர்வையில் சுற்றிய போட்டோ ஒன்றை அவர் காட்டினார். அதை அவன் இரண்டு கையாலும் வாங்கி மாடிக்குக் கொண்டுபோய் மாட்டினான். சட்டைப் பையில் பேனா வைத்த ஒரு மனிதர், பாதி கண் மூடியிருந்தது. போட்டோ எடுத்தவர் அவசரக்காரர் போல.

எல்லாம் இறக்கி முடித்ததும் நெட்டையன் முகம் கழுவித் தலை வாரினான். “என்னப்பா, பொண்ணு பாக்கவா?” என்றார் அம்மா. விஷயத்தைச் சொன்னான். கடையின் பேரையும் சொன்னான். வாசலில் நின்று விடைபெறும்போது எல்லோரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். “நேரம் இருந்தா வாங்களேன்மா.”

யாரும் வர மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்லும் வார்த்தை அது. அம்மா வந்துவிட்டார்.

மூன்றாவது வரிசையில், பஸ்ஸில் உட்கார்வது போலப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடை ஏறியதும் நெட்டையன் பார்த்தது அவரைத்தான். அவனிடம் இருந்த நல்ல சரக்கு ஒன்றே ஒன்று. அதன் சொந்தக்காரி எதிரே இருக்கிறார். சொன்னால் அவர் முகம் வாடும், மாமா காதுக்குப் போகும். சொல்லாவிட்டால் இதுதான் கடைசி மேடை.

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தான். உயரத்தைப் பற்றிச் சொன்னான். பீரோவைப் பற்றிச் சொன்னான். ஒருவர் இருமினார். இரண்டு நிமிஷத்தில் கையிருப்பு தீர்ந்தது. விளக்கு முகத்தில் வெதுவெதுப்பாக விழுந்தது. மறுபடியும் லாரியின் பின்புறத்தில் இருப்பது போல, எல்லாம் மெதுவாக நகர்ந்தது. அம்மா மட்டும், பரவாயில்லை சொல்லு என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலில் அவன் நாக்கு தானாக அவிழ்ந்தது.

“ஒரு வீட்டுல… எந்த வீடுன்னு கேக்காதீங்க… ஏழு அலாரம். ஒண்ணு கத்தி முடிச்சா அடுத்தது, முதல் ஆளை அதட்டற மாதிரி கத்துது. பெட்டி எங்க இருக்கு? கட்டிலுக்கு அடியில. ‘எழுந்துட்டேன், எழுந்துட்டேன்’னு நானும் சொல்றேன், நம்ப மாட்டேங்குது. அப்புறம்தான் புரிஞ்சுது. எல்லா வீட்டுலயும் அலாரம் கட்டில்ல இருந்து ஆளை எழுப்பும். இது கட்டிலையே எழுப்பப் பாக்குது!”

ஹால் சிரித்தது. நிஜமான சிரிப்பு, பீரோக்களின் சிரிப்பு இல்லை. அது அடங்குகிற நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏழு இல்லப்பா. பதினொண்ணு.”

நெட்டையன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். ஹால் குலுங்கியது.

“மிச்சம் நாலு அடிக்கலையா?” என்று அம்மா கவலையோடு கேட்டார்.

“அடிச்சிருக்கும்மா… நான்தான் தூங்கிட்டேன்.”

“சரியாப் போச்சு. நீயும் எங்க வீட்டுக்காரர் ஜாதிதான்.”

கைதட்டல் எழுந்தது. அம்மா யாரையும் பார்க்காமல் அவனிடமே பேசினார். “அவருக்கு விடியக்காலை வேலை. ஒண்ணு பத்தலைன்னு ரெண்டு, ரெண்டு பத்தலைன்னு மூணுன்னு வாங்கிட்டே வந்தார். பதினொண்ணும் என்னைத்தான் எழுப்பும். நான்தான் அவரை எழுப்பணும். பன்னெண்டாவது அலாரம் நான்.”

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். “இப்பவாவது எழுந்திருச்சாராம்மா?”

“எங்க… இன்னும் தூங்கறார்” என்றார் அம்மா.

அந்த மாடியில் அதற்கு முன் அப்படி ஒரு சிரிப்பு எழுந்திருக்காது. சிரிக்காதவன் நெட்டையன் ஒருவன்தான். அந்த மனிதரைச் சுவரில் மாட்டிய கைகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றன. நேரம் முடிந்ததற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கினான்.

பட்டியல்காரப் பெண் ஓடி வந்தாள். “அண்ணா, அடுத்த மாசம் உறுதி! அவங்களைக் கூட்டத்துல உக்கார வச்சது யார் யோசனை? சேர்ந்து எழுதினீங்களா?”

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். “இல்லம்மா. அது அவங்க சாமான். நான் இறக்கி வச்சேன், அவ்வளவுதான்.”

தெருவில் விளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண் திறந்துகொண்டிருந்தன. மாமா லாரியோடு தெருமுனையில் காத்திருந்தார். நெட்டையன் அம்மாவை வீடுவரை கொண்டுவிடப் போனான்.

“மன்னிச்சிடுங்கம்மா. சொல்லியிருக்கக் கூடாது. மாமாகிட்ட நானே ஒத்துக்கறேன். இனிமே எங்கயும் சொல்ல மாட்டேன்.”

“ஏன் சொல்ல மாட்டே?”

“உங்க வீட்டு விஷயம்மா.”

அம்மா நின்றார். “மூணு வருஷமா அவர் பேச்சை எடுத்தாலே வர்றவங்க மூஞ்சி தொங்கிப் போயிடுது. உடனே கையைப் பிடிச்சுக்கறாங்க. அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லப்பா, வேடிக்கையான மனுஷன். வேலைக்கு லேட்டாப் போனா, ‘சூரியன்தான் சீக்கிரம் வந்துடுச்சு’ன்னு மேலதிகாரிகிட்டயே சொல்லுவார். இன்னிக்குத்தான் நாலு பேரு அவரை நினைச்சுச் சிரிச்சாங்க.” புது வீட்டுச் சாவிக் கொத்தில் எது வாசல் சாவி என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது சாவிக்குக் கதவு திறந்தது. “நான் இல்லாத ஊர்லயும் சொல்லு. பதினொண்ணுன்னு சரியாச் சொல்லு. யாராவது இப்ப எங்கன்னு கேட்டா தூங்கறார்னே சொல்லு. அதுக்கு மேல வேண்டாம்.”

“சரிம்மா” என்றான் நெட்டையன். குரல் தானாகவே தணிந்துவிட்டது, உள்ளே யாரோ படுத்திருப்பது போல.

தெருமுனையில் மாமா பொறுமையிழந்து ஹாரனை நீட்டி அடித்தார். அவன் திரும்பி, உயரமான அந்த உடம்பு முழுவதையும் எக்கி, அடிக்காதீங்க, அடிக்காதீங்க என்று இரண்டு கைகளையும் ஆட்டினான்.