இடப்பக்கத்துக் கடல்

மூன்றாவது ஊரை விட்டு வேன் கிளம்பியபோது ஓட்டுநர் தலையைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தார். கடல் இருந்தது. நேராகப் பார்த்தார். கடல் இல்லை, சாலையும் அதன் மேல் வெயிலும் மட்டும்தான். ஆறு மாதமாக இப்படித்தான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, வண்டி ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டிய மனிதர். டிப்போவில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை என்று மனதைச் சமாதானப்படுத்தி, வாடகை வேனில் சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார். காரணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் இந்த இருக்கை போய்விடும். அதுவும் போனால் தன்னிடம் என்ன மிச்சம் என்று அவருக்குத் தெரியவில்லை.

கூட வந்த இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டிக்கொண்டவர்கள். ஒருவர் பேக்கரிக்காரர். முப்பது வருடமாக விடியும் முன்பே அடுப்பு மூட்டியவர் என்பதால் உட்கார்ந்த இடத்தில் தூங்கும் வரம் வாங்கியிருந்தார். மற்றவர் மருந்துக்கடைக்காரர். பட்டப்பெயர் மாத்திரை. அவருடைய வாய்க்கு மட்டும் இதுவரை யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

அந்தக் கரையோர ஊர்களில் யாருக்கும் எதற்கும் அவசரமில்லை. கடைக்காரர்கள் கடையைத் திறந்து போட்டுவிட்டு எதிரே மரநிழலில் படுத்திருந்தார்கள். நாய்கள்கூடக் குரைப்பதைச் சாயங்காலத்துக்கு ஒத்திப்போட்டிருந்தன. மூவரும் காலையில் அலையில் மிதந்தார்கள். மதியம் மரங்களுக்கிடையே கட்டிய வலை ஊஞ்சலில் கிடந்தார்கள். இன்று என்ன கிழமை என்று சண்டை வந்து, அது தீரும் முன்பே தூங்கிப்போனார்கள். ஓட்டுநருக்கு வேன் ஓடுவதாகவே தோன்றவில்லை. வேன் நிற்கிறது, ஊர்கள்தான் மெல்ல வந்து போகின்றன என்று இருந்தது.

மாத்திரை முன்னால் இடப்பக்க இருக்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் ஒப்பித்தபடி வந்தார். அதோ பசு, அதோ சைக்கிளில் ஒருத்தி, அதோ பந்து விளையாடும் பிள்ளைகள். மூன்று நாள் பொறுத்த ஓட்டுநருக்கு நான்காம் நாள் காது புளித்துவிட்டது. பின்னால் போய்ப் படு என்று துரத்தினார். மாத்திரை முரண்டு பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். கொஞ்ச தூரம் அங்கிருந்தும் குரல் வந்தது. பிறகு வெக்கை அவரையும் சாய்த்துவிட்டது.

அமைதி சுகமாக இருந்தது. ஒரு வளைவு தாண்டிய பிறகு, ஓட்டுநர் தற்செயலாகப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். சாலையோர மணலில் ஒரு பெண் சாய்ந்த சைக்கிளைப் பிடித்தபடி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் கூடையில் குழந்தை. அவர்களைக் கடந்து வந்ததே அவருக்குத் தெரியாது. ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் இடித்திருப்பார். வேனை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்துவிட்டு இருவரையும் எழுப்பினார்.

"எனக்கு ஓரத்துல இருக்கறது எதுவும் தெரியலடா," என்றார். "ஆறு மாசமா."

பேக்கரிக்காரர் திருதிருவென்று விழித்தார். மாத்திரை குனிந்து செருப்பைத் தேடினார்.

"தெரியும்டா. சொட்டு மருந்தை மூணு தெரு தள்ளிப் போய் வாங்கினா எனக்குத் தெரியாம போயிடுமா? அந்தக் கடைக்குச் சரக்கு அனுப்பறதே நான்தான்."

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். அதுவரைக்கும் அந்தப் பக்கத்தை நான் பாத்துக்கறேன்னு..." மாத்திரை செருப்பை மாட்டிக்கொண்டார். "தூங்கிட்டேன்டா."

மூவருக்கும் அழுகை வந்தது. மூவரும் கடலைப் பார்த்துச் சமாளித்தார்கள். மாத்திரைக்கு ஓட்டத் தெரியாது. பேக்கரிக்காரர் ரொட்டி வண்டியைச் சந்துகளில் ஓட்டியவர்தான்; மாட்டுவண்டிகூட அவரை முந்திவிடும். ஓட்டுநர் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

இடப்பக்க இருக்கையில் ஓட்டுநர் உட்கார்ந்து பார்த்தபோது, சன்னல் முழுக்கக் கடல். வேன் ஊர்ந்தது. முதல் வளைவு வந்ததும் ஓட்டுநரின் வலது கால் தானாகவே வெறும் தரையை அழுத்தியது. பேக்கரிக்காரர் ஓரக்கண்ணால் அந்தக் காலைப் பார்த்தார். வேன் வேகம் குறைந்தது.